20 ரூபாய் கொள்ளை இல்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இன்றும் காப்பாற்றப் போகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படியுங்கள், அதில் ஒரு அழைப்பு இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியவர் என் நாத்தனார் மகன். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை, பெரிய வேலையில் இருக்கிறான். திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் போய், அங்கிருந்து ராத்திரி ரயில் பிடித்து, தென்காசியில் இறங்கி, சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பியிருக்கிறார்கள். மொத்தம் ஏழு பேர். போட்டோக்கள் எல்லாம் வந்தன. மஞ்சள் கடல் மாதிரி வயல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் நம் பிள்ளைகள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் குரல் செய்தி.

"அத்தை, அநியாயம். வயலுக்குள்ள நின்னு போட்டோ எடுக்க ஒரு ஆளுக்கு 20 ரூபா கேக்குறாங்க. பூவைப் பாக்கக் காசா? பகல் கொள்ளை."

இதற்கு நாற்பதுக்கு மேல் கட்டைவிரல் விழுந்திருந்தது. அதில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் குடும்பக் குழுவில் பதில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இந்தக் கோபம் அவன் ஒருவனுடையது இல்லை, நம் எல்லோரிடமும் இருப்பது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விவசாயி கேட்டது கொள்ளை இல்லை, நியாயமான கூலி. சொல்லப்போனால் குறைவாகவே கேட்டிருக்கிறார்.

அந்த ஒரு நாள் பயணத்தில் எதற்கெல்லாம் காசு கொடுத்தோம் என்று கணக்குப் போடுங்கள். போக வர ரயில் டிக்கெட். பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில், காபி. தென்காசியிலிருந்து வயலுக்கு வாடகை வண்டி. மத்தியானம் ஓட்டலில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். சாயங்காலம் ஊருக்குக் கொண்டுவர அல்வா. இவர்களில் யாரையும் கொள்ளைக்காரன் என்று சொல்லவில்லை. வண்டிக்காரர் கேட்டதைக் கொடுத்தோம், ஓட்டலில் பில்லைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. இத்தனை செலவும் எதைப் பார்ப்பதற்காக? அந்தப் பூவைப் பார்ப்பதற்காக. பூவை வைத்து எல்லோரும் சம்பாதித்தார்கள். பூவை வளர்த்தவர் கை நீட்டியபோது மட்டும் நமக்குக் கோபம் வந்துவிட்டது.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நம் முன்னோர் சொன்னது விவசாயியின் கஷ்டத்தைப் பார்த்து. நாம் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். உழுதவன் கணக்கே பார்க்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டோம்.

சரி, குழுவில் சொன்ன வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: "பூ இயற்கை கொடுத்தது. அதைப் பார்க்கக் காசு வாங்கலாமா?"

காட்டில் தானாகப் பூக்கிற கொன்றையைப் பார்க்க யாராவது காசு கேட்டால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருகிறேன். சூரியகாந்தி வயல் அப்படிப்பட்டது இல்லை. உழுது, விதை வாங்கி, பார் பிடித்து, உரம் போட்டு, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சி, கிளியை விரட்டிக் காப்பாற்றுகிற பயிர் அது. ஏறக்குறைய 90 நாள் பயிர். அதில் நீங்கள் போட்டோ எடுக்கிற அழகு இருப்பது இரண்டு வாரத்துக்குள்தான். மீதி நாளெல்லாம் அது வெறும் பச்சைச் செடி, அல்லது தலை தொங்கிக் காய்ந்த செடி. அந்த நாட்களில் யாரும் ரயில் ஏறி வருவதில்லை.

இன்னொன்று. சூரியகாந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ இல்லை. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். நடுவில் வட்டமாக இருக்கிற தட்டில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு சின்னப் பூவும் ஒரு விதை. அந்த விதைதான் எண்ணெய். ஒரு பூத்தட்டை ஒடித்துக் காதில் சொருகி ரீல்ஸ் எடுத்தால், ஒருத்தர் வீட்டு எண்ணெயைக் கீழே கொட்டியதாகத்தான் அர்த்தம்.

அந்தச் சின்னப் பூ விதையாக மாறத் தேனீ வர வேண்டும். தேனீ சரியாக வரவில்லை என்றால் விதை பொக்காகிப் போகும். அதனால்தான் பூக்கும் பருவத்தில் காலை வேளையில் மெல்லிய துணியால் பூத்தட்டை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கவும், பக்கத்துப் பூக்கள் இரண்டை ஒன்றோடு ஒன்று மெதுவாகத் தேய்த்துவிடவும் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது தேனீயின் வேலையை மனிதக் கையால் செய்வது. தேனீயும் மனிதனும் வேலை செய்கிற அதே காலை நேரத்தில்தான் நாம் ரயிலை விட்டு இறங்கி, நூறு பேராக வயலுக்குள் நுழைகிறோம். சூரியகாந்தி முற்றிய பிறகு கிழக்கு பார்த்தே நின்றுவிடும், அதனால் காலை வெளிச்சத்தில்தான் முகம் நன்றாக விழும் என்று போட்டோக்காரர்களும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது வாதம்: "நாலு செடி மிதிபட்டால் என்ன குறைந்துவிடும்?"

நீங்கள் மிதிப்பது நாலு செடிதான். உங்களுக்குப் பின்னால் வருபவர், நீங்கள் போன தடத்திலேயே போகமாட்டார். அவருக்கு ஆள் நிற்காத, செடி சாயாத புது இடம் வேண்டும், அப்போதுதான் போட்டோ நன்றாக வரும். இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வயலுக்குள் பத்து ஒற்றையடிப் பாதை விழுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் பறவைத் தீவனத்துக்காகச் சூரியகாந்தி பயிர் செய்யும் ஒரு குடும்பம், 2018 ஜூலையில் கட்டணம் வைத்துப் போட்டோ எடுக்க வயலைத் திறந்துவிட்டது. சில நாட்களிலேயே கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போய்விட்டது. சாலை முழுக்கக் கார், வயல் முழுக்க ஆள். போலீஸ் வர வேண்டியதாயிற்று. அத்தோடு மூடியவர்கள்தான். படித்த நாடு, பணக்கார நாடு என்கிறோமே, அங்கேயும் பூவைக் கண்டால் மனிதனுக்கு வரப்பு தெரிவதில்லை.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் பியேய் என்று ஒரு ஊர். அலை அலையான வயல்களுக்குப் பேர் போனது. அங்கே ஒரு வயலின் நடுவே தனியாக ஒரு பாப்ளார் மரம் சாய்ந்து நின்றது. "தத்துவ மரம்" என்று அதற்குப் பெயர் வைத்து, உலகம் முழுக்க இருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். அது தனி ஆளின் விளைநிலம். வயலுக்குள் நுழையாதீர்கள் என்று அந்த விவசாயி சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. 2016 பிப்ரவரியில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். மரத்துக்கும் வயதாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் தன் வயலைக் காப்பாற்ற, தன் ஊருக்கே பெயர் வாங்கித் தந்த மரத்தை ஒரு விவசாயி வெட்ட வேண்டியதாகிறது என்றால், அவர் எவ்வளவு நொந்திருப்பார்? மரம் வெட்டுபட்டதற்கு எத்தனையோ பேர் கண்ணீர் விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வரப்பிலேயே நின்று பார்த்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாவது வாதம், படித்தவர்கள் சொல்வது: "நாங்க போட்டோ போடுறதால அவங்களுக்கு விளம்பரம்தானே?"

இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். சுந்தரபாண்டியபுரத்துக்கு விளம்பரம் புதுசு இல்லை. 1992-ல் வந்த 'ரோஜா' படத்துக்கு அங்கே படப்பிடிப்பு நடந்தது. 2005-ல் வந்த 'அந்நியன்' படத்துக்காக நடிகர்களின் முகத்தை வரைந்த பாறையைப் பார்க்கவே இன்றைக்கும் கூட்டம் போகிறது. கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை 1904-ல் மீட்டர் கேஜாக வந்தது. அது அகலப் பாதையாகி 2018-ல் முழுசாகத் திறந்த பிறகு, கேரளத்துக் குடும்பங்கள் கண்ணறைப் பாலத்தையும் ஆரியங்காவுக் குகையையும் ரயிலில் தாண்டி, தென்காசியில் இறங்கிச் சாரலோடு சாரலாகப் பூ வயல் பார்த்துப் போகிறார்கள். விளம்பரம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் சூரியகாந்தி விதைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமா? வியாபாரி, "உங்க வயல் இன்ஸ்டாகிராமில் வந்திருக்கு, இந்தாங்க கூட ரெண்டு ரூபா" என்று கொடுப்பாரா? விதை விலை ஊர் பேர் பார்த்துப் போடுவதில்லை.

இத்தனைக்கும் நாம் சமைக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-ல் ரஷ்யாவும் உக்ரைனும் சண்டை போட்டபோது, நம் ஊர் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை எகிறியதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இதே குழுவில் "நம்ம நாட்டுல ஏன் விளைய வைக்கக் கூடாது?" என்று கேட்டவர்கள் உண்டு. விளைய வைக்கிறவர்தான் இப்போது 20 ரூபாய் கேட்டார்.

விளம்பரம் விவசாயிக்கு உதவியதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே ஹொக்கைடோவில் நாகாஃபுரானோ என்ற ஊரில் டொமிட்டா என்ற விவசாயி லாவண்டர் பூ பயிர் செய்து வந்தார். வாசனை எண்ணெய்க்காக வளர்ப்பது அது. 1970-களில் செயற்கை வாசனைப் பொருளும் மலிவான இறக்குமதியும் வந்து லாவண்டரின் விலையை அடித்துப்போட்டன. சுற்று வட்டாரத்தில் எல்லோரும் செடியை உழுதுவிட்டார்கள். அவரும் உழுகிற நிலைக்கு வந்துவிட்டார். 1976-ல் ஜப்பான் ரயில்வே தன் காலண்டரில் அவர் வயலின் படத்தைப் போட்டது. அதைப் பார்த்து ஜனங்கள் ரயில் ஏறி வந்தார்கள். பயிர் பிழைத்தது. இன்றைக்கும் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. 1999-லிருந்து கோடையில் மட்டும், அந்த வயலுக்குப் பக்கத்தில் ஒரு தற்காலிக ரயில் நிலையமே திறந்தார்கள்.

பார்த்தீர்களா, அங்கே இலவசம் என்று நீங்கள் துள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள். அங்கே போனவர்கள் பூவைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பவில்லை. லாவண்டர் எண்ணெய், சோப்பு, உலர்ந்த பூ என்று வாங்கிக்கொண்டு போனார்கள். நடக்கத் தனிப் பாதை, பயிருக்குத் தனி இடம் என்று பிரித்தார்கள். விளம்பரத்தை வருமானமாக மாற்ற அந்த விவசாயிக்கு ஒரு வழி இருந்தது. தென்காசிப் பக்கத்து விவசாயி எதை விற்பார்? பறித்த சூரியகாந்தியை நீங்கள் தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் சாத்தமாட்டீர்கள். அவரிடம் அன்றைக்கு விற்க இருப்பது அந்தக் காட்சி ஒன்றுதான். அதற்குத்தான் 20 ரூபாய் கேட்டார்.

நான்காவது வாதம்தான் கொஞ்சம் நியாயமானது. என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், காசு கேட்பது உண்மையிலேயே வயல்காரர்தானா, இல்லை வழியில் நிற்கிற யாரோ பையன்களா? வயல்காரரே வாங்கினாலும் களை எடுத்த கூலிக்காரம்மாவுக்கு அதில் பங்கு உண்டா? ஏழைக் குடும்பம் ஐந்து பேராகப் போனால் 100 ரூபாய் ஆகாதா?"

நல்ல கேள்வி. நின்று கேளுங்கள், "இது உங்க வயலாங்க?" என்று. வயல்காரர் பதில் சொல்லும் தோரணையே வேறாக இருக்கும், என்ன விதை, என்றைக்கு விதைத்தோம் என்று கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிடுவார். இடைத்தரகர் நின்றால் கொடுக்காதீர்கள், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். கூலிக்காரம்மாவுக்குப் பங்கு போகாது என்பதும் உண்மைதான். அந்த அநியாயம் வயல் வரப்பில் மட்டும் இல்லை, நாடு முழுக்க இருக்கிறது. அதைக் காட்டி வயல்காரருக்கும் கொடுக்காமல் விட்டால் கூலிக்காரம்மாவுக்கு எந்த லாபமும் இல்லை. அவர் கூலி வயல்காரர் கையில் மிஞ்சுவதிலிருந்துதான் வர வேண்டும். ஏழைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னால், 31 வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தோட்டம், துரவு, ஏரி என்று சுற்றியவள் நான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் எந்த விவசாயியும் என்னிடம் காசு வாங்கியதில்லை. மோட்டார் போட்டுக் குளிக்க விட்டு, வேர்க்கடலையும் பிடுங்கிக் கொடுத்து அனுப்பியவர்கள்தான் அதிகம். இல்லாதவரிடம் விவசாயி கேட்பதில்லை. இருந்தும் கொடுக்க மனம் வராதவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம்.

நாம் இருப்பது திருவண்ணாமலை. அண்ணாமலையார் கோயிலுக்கும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிற அத்தனை லிங்கங்களுக்கும், வீட்டு வாசல்படிக்கும், பெண்கள் தலைக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் தினமும் இந்த ஊருக்கு எத்தனை கூடை பூ வந்து இறங்குகிறது! பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கேட்கவே வேண்டாம். அந்தப் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது? தண்டராம்பட்டு பக்கம், கலசபாக்கம் பக்கம், போளூர் பக்கம் என்று நம்மைச் சுற்றியிருக்கிற கிராமங்களிலிருந்தும் வருகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே பூ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ வயல் பார்க்க ராத்திரி முழுக்க ரயிலில் போகத் தெரிந்த நமக்கு, அரை மணி தூரத்தில் இருக்கிற பூ வயல் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஏன் தெரியாது என்றால், அங்கே போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. மல்லிகை கோடைப் பூ. பங்குனியிலிருந்து ஆனி வரை செடி நிறைய மொட்டு வைக்கும். ஆனால் மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். இருட்டோடு எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, பாம்புக்குப் பயந்துகொண்டே பெண்கள் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டு வேண்டும். விடிவதற்குள் கூடை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும், நேரம் போனால் விலை போய்விடும். நீங்கள் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போனால் அங்கே இருப்பது வெறும் பச்சைப் புதர்தான். அதாவது, நல்லபடியாக நடக்கிற மல்லிகைத் தோட்டத்தில் பகலில் பூவே தெரியாது. தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று மலர்ந்து மணக்கிறது என்றால் அன்றைக்குப் பறிக்க ஆள் கிடைக்கவில்லை, அல்லது பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று அர்த்தம்.

சாமந்தியும் அப்படித்தான். ஒரு வயல் முழுக்கப் பறிக்காமல் பூத்துக் குலுங்கினால் நமக்குச் சொர்க்கம். அவருக்கு அது நஷ்டக் கணக்கு. முகூர்த்தம் இல்லாத மாதத்தில், வரத்து அதிகமான நாளில், பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் பூவின் விலையைத் தாண்டிவிடும். அப்போது செடியிலேயே விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் நாம் "வாவ்" போடுகிறோம்.

2020-ஐ மறந்துவிட்டீர்களா? மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கோயில் நடை பக்தர்களுக்கு மூடியது. கிரிவலத்துக்குத் தடை. கல்யாணங்கள் நின்றன. செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பூத்துக்கொண்டே இருந்தது. என் மாணவன் ஒருவன் அன்றைக்கு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். ஒன்றரை ஏக்கர் சாமந்தி, ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்த மாதிரி. அதன் கீழே ஒரே ஒரு வரி: "டீச்சர், நாளைக்கு டிராக்டர் விட்டு ஓட்டிடப் போறேன்." அந்த வயலைவிட அழகான பூ வயலை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்கு ஒரு லைக் போட எனக்குக் கை வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? பூ என்றால் நமக்கு மணம், நிறம், பக்தி, போட்டோ. பூவுக்குப் பின்னால் இருக்கிற கையை நாம் பார்க்க மறுக்கிறோம். சுந்தரபாண்டியபுரத்தில் 20 ரூபாய்க்குக் கோபப்பட்ட அதே நாம்தான் மாட வீதியில் பூக்காரம்மாவிடம் "முழம் 30 ரூபாயா?" என்று பேரம் பேசுகிறோம். அந்தம்மா முழங்கையால் அளக்கும்போது, கை குட்டையாக இருக்கிறதே என்று கிண்டல் வேறு. அதே நாம் உள்ளே போய்ச் சிறப்பு தரிசனச் சீட்டுக்குப் பேசாமல் காசு நீட்டுகிறோம். சீட்டுக்கு ஒரு விலை அச்சடித்திருந்தால் கொடுத்துவிடுவோம். மனிதர் வாயால் கேட்டால் கொள்ளை என்போம். நம் மரியாதை அச்சடித்த காகிதத்துக்குத்தான்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். ஓட்டல், வாடகை வண்டி, யூடியூப் சேனல், லைக் வாங்குகிற நாம் எல்லோருமே அந்த நார்தான். நாரெல்லாம் மணக்கிறபோது பூவை வளர்த்தவர் மட்டும் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

ரயிலில் ஒரு நாள் போய்ப் பூ வயல் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். தீம் பார்க்கில் பிளாஸ்டிக் டைனோசர் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓர சீட்டும் ஒரு பயிரும் காட்டுவதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை. போகும்போது நாலு விஷயம் மட்டும் செய்யுங்கள்.

வயல்காரரைத் தேடி, கேட்டுவிட்டு இறங்குங்கள். வேண்டாம் என்றால் சாலையில் நின்று பாருங்கள், பூ அங்கிருந்தும் தெரியும்.

வரப்பிலேயே நில்லுங்கள். குழந்தை உள்ளே ஓடினால் சிரிக்காதீர்கள், கூப்பிடுங்கள்.

பூவை ஒடிக்காதீர்கள். ட்ரோன் விட்டுத் தேனீயை விரட்டாதீர்கள்.

கேட்டதைக் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். காசு வாங்கக் கூச்சப்பட்டால் அவர் வீட்டில் விளைந்தது எதையாவது விலைக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள், வெங்காயமோ தேங்காயோ.

கடைசியாக நான் சொன்ன அழைப்பு. வரும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2024 மே மாதத்திலிருந்து நம் ஊரிலிருந்து சென்னை கடற்கரைக்கு ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள் அல்லவா, இப்போதைக்கு அதிகாலை 4 மணிவாக்கில் கிளம்புகிறது. அதில் ஏறிப் போளூரில் இறங்குவோம். அங்கே என் பழைய மாணவியின் குடும்பம் மல்லிகை போட்டிருக்கிறது, நான் பேசிவிட்டேன். பறிப்பு முடிவதற்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கு 100 ரூபாய், நேராக அந்தக் குடும்பத்தின் கையில். பிள்ளைகளுக்கு இலவசம். காலைப் பலகாரம் அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும். திரும்ப நேரத்துக்கு ரயில் இருந்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ். ஒரே ஒரு நிபந்தனை: ஆளுக்கு ஒரு சொம்பு மொட்டாவது பறித்த பிறகுதான் யாரும் செல்போனை வெளியே எடுக்கலாம். என் நாத்தனார் மகன்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் கீழே கமெண்டில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைப்பவர்களும் எழுதுங்கள், வாதாட நான் தயார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்